கார்னிவல்: ஒரு சொல்லும் ஒரு கடற்கரை நகரும்

பள்ளி வளாகத்தில் நிதி திரட்டுவதற்காக உணவுக் கடைகளும் விளையாட்டுக் கூடங்களும் அமைத்தால் அதற்குக் 'கார்னிவல்' என்று பெயரிடுகிறோம். பேரங்காடியில் விளம்பர விற்பனை நடந்தாலும் அதே பெயர்தான். மலாய் மொழியிலும் இச்சொல் ஏறத்தாழ இப்பொருளிலேயே வழங்குகிறது. தமிழில் எழுத நேரும்போது மட்டும் நாம் சற்றுத் தயங்கி, 'களியாட்டம்' என்றோ 'கேளிக்கை விழா' என்றோ எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறோம். அம்மொழிபெயர்ப்பில் எது வந்து சேர்கிறது, எது வழியில் உதிர்ந்துவிடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்பாட்டுச் சொல் ஒன்றை அகராதியில் வைத்து மட்டும் பார்த்தால் அதன் பாதிப் பொருளே புலப்படும். அது வாழும் ஊருக்குச் சென்று பார்க்கவேண்டும். கார்னிவல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவன வெனிஸும் ரியோ டி ஜெனிரோவுமே. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவ்விரண்டையும் அல்ல. இத்தாலியின் மேற்குக் கடற்கரையில், டஸ்கனி மாநிலத்தின் லூக்கா மாவட்டத்தில் உள்ள வியாரெஜ்ஜோ என்னும் ஓய்வு நகரை. கோடைக்கால நீராடலால் பெயர்பெற்ற ஊர் அது. அதன் பெருவிழாவோ கடலில் இறங்க முடியாத குளிர்காலத்தில் வருகிறது. இம்முரண்பாட்டுக்கு விடை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எனவே சொல்லிலிருந்து தொடங்குவோம். இத்தாலிய மொழியில் இவ்விழாவின் பெயர் 'கர்னெவாலே'. இலத்தீனில் 'கார்னெம் லெவாரே' என்றால் இறைச்சியை அகற்றுதல் என்று பொருள். இத்தொடர் இடைக்காலத்தில் ஒட்டி ஒரு சொல்லாகிக் 'கர்னெலெவாரே' என நின்றது. பின்னர் ஈற்றயலில் இருந்த ரகரம் லகரமாகத் திரிந்தது. ஒத்த ஒலியுடைய அசைகள் நெருங்கி நின்றமையால் அவற்றுள் ஒன்றை நா விழுங்கிக்கொண்டது. எஞ்சியது 'கர்னெவாலே'. தமிழிலக்கணம் பயின்ற மாணவர்க்கு இம்மாற்றங்களைக் கண்டு வியப்பு எழாது. பந்தல்–பந்தர், சாம்பல்–சாம்பர், குடல்–குடர் என்னும் இணைகளில் லகரமும் ரகரமும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்பதைப் போலி என்கிறோம். ஓந்தி என்பது ஓதி என நிற்பதை இடைக்குறை என்கிறோம். நம் இடைக்குறை செய்யுளில் பயில்வது, இத்தாலியச் சொல்லின் குறுக்கம் பேச்சில் நிகழ்ந்தது என்னும் வேறுபாடு உண்டு. ஆயினும் வகுப்பறையில் போலியைக் கற்பிக்கும் ஆசிரியர் இச்சொல்லையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கரும்பலகையில் எழுதலாம். ஒலித்திரிபு எந்த ஒரு மொழிக்கும் தனியுடைமை அன்று என்பதை மாணவர் அங்கேயே உணர்வர்.

இச்சொல்லுக்கு வேறு இரண்டு விளக்கங்களும் உலவுகின்றன. 'கார்னே, வாலே', அதாவது 'இறைச்சியே, விடைதருகிறேன்' என்னும் கூற்றே கார்னிவல் ஆயிற்று என்பது ஒன்று. சொல் உருவாகிவிட்ட பிறகு அதன் ஒலியைக் கேட்டு மக்கள் புனைந்த விளக்கம் இது. இனிமையானது, ஆனால் வரலாறு அன்று. மற்றொன்று, 'கார்ருஸ் நவாலிஸ்' என்னும் தொடரிலிருந்து, அதாவது பண்டை உரோமர் விழாக்களில் இழுத்துவரப்பட்ட 'கப்பல் வண்டி'யிலிருந்து, இச்சொல் பிறந்தது என்பது. கடலோர ஊரின் ஊர்திவிழாவைப் பேசும் நமக்கு இவ்விளக்கம் பெரிதும் உவப்பாக இருந்திருக்கும். ஆனால் பொருத்தம் வேறு, சான்று வேறு. இடைக்காலத்தில் கிடைக்கும் சொல்வடிவங்கள் இறைச்சி நீக்கத்தின் பக்கமே நிற்கின்றன.

இறைச்சியை ஏன் நீக்கவேண்டும்? கிறித்தவ ஆண்டு வட்டத்தில் உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்னர் நாற்பது நாள் தவக்காலம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகள் நோன்புக் கணக்கில் சேராமையால், தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் சாம்பல் புதன் உயிர்ப்பு ஞாயிறுக்கு 46 நாள் முன்னதாக அமையும். தமிழ்க் கத்தோலிக்கர் முன்பு இதனை விபூதிப் புதன் என்றும் வழங்கினர். உயிர்ப்பு ஞாயிறு முழுநிலவைப் பின்பற்றி நகர்வது. ஆகவே சாம்பல் புதனும் பிப்ரவரி 4ஆம் நாளுக்கும் மார்ச் 10ஆம் நாளுக்கும் இடையே நகர்கிறது. முற்காலத்தில் இத்தவக்காலத்தில் இறைச்சி மட்டுமன்றி முட்டை, பால்பொருள்கள் ஆகியனவும் விலக்கப்பட்டன. வீட்டில் எஞ்சியிருப்பதை அதற்குமுன் உண்டு தீர்க்கவேண்டும். அவ்வாறு உண்டு தீர்க்கும் இறுதி நாளை இத்தாலியர் 'கொழுத்த செவ்வாய்' என்றனர்.

நம் வீடுகளிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. புரட்டாசி பிறப்பதற்கு முதல்நாள் பல வீட்டு அடுக்களைகளில் இறைச்சிக் குழம்பு கொதிக்கும். அந்நாளுக்கு நாம் பெயர் சூட்டவில்லை, அவர்கள் சூட்டினர். ஆகவே கார்னிவல் என்பது அடிப்படையில் ஒரு காலப்பெயர். அது மகிழ்ச்சியைக் குறித்துப் பின்னர்க் காலத்தைக் குறித்த சொல் அன்று. வரப்போகும் நோன்பின் வாசலைக் குறித்து, அவ்வாசலில் நின்று மக்கள் செய்த ஆரவாரத்துக்குப் பின்னர்ப் பெயராயிற்று. குளிர்காலத்து மாதங்களில் அது வருவதும் இதனாலேயே.

இனி ஊர். வியாரெஜ்ஜோ என்னும் பெயர் 'வயா ரெஜியா' என்பதன் திரிபு. அதன் பொருள் அரசவழி. கொங்கு நாட்டில் கல்வெட்டுப் பெற்ற இராசகேசரிப் பெருவழியை அறிந்தவர்க்கு இப்பெயர் அயன்மையாகத் தோன்றாது. சதுப்பு நிலத்தின் நடுவே கடலை நோக்கிச் சென்ற அவ்வழியின் முனையில் சிறு குடியிருப்பாகத் தோன்றி, 1820இல் லூக்காவின் ஆட்சியாளரான மரியா லூயிசாவால் நகர் என்னும் தகுதியைப் பெற்றது. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1822இல் கடலில் மூழ்கி இறந்தபோது அவர் உடல் கரை ஒதுங்கியதும் எரியூட்டப்பட்டதும் இவ்வூரை அடுத்த கடற்கரையில்தான். அதே பத்தாண்டில் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனியே நீராடு கூடங்கள் எழுந்தன. மீனவரும் கப்பல் தச்சரும் வாழ்ந்த ஊர், செல்வர்கள் கோடையைக் கழிக்க வரும் ஊராகவும் ஆயிற்று. இவ்விரு வகையினரும் இல்லாமல் அதன் கார்னிவல் இன்றைய வடிவத்தைப் பெற்றிருக்காது.

முதல் ஊர்வலம் 1873ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்தது. காப்பிக் கடை ஒன்றில் கூடிப் பொழுதுபோக்கிய வசதிபடைத்த இளைஞர்களின் எண்ணத்தில் உதித்தது அது. மலரால் அழகுசெய்த வண்டிகள் ஊரின் பெயருக்கே மூலமான வயா ரெஜியா தெருவில் வலம்வந்தன. அவ்வூர்வலத்தில் சிலர் தங்கள்மேல் சுமத்தப்பட்ட வரிகளின் கொடுமையைக் காட்டுவதற்காக வேடமணிந்து வந்தனர் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். பிற்காலத்தில் அவ்வூர்க் கார்னிவல் எதற்குப் புகழ்பெற்றதோ அதன் வித்து அந்த வரி எதிர்ப்பு வேடத்தில் இருப்பதாக அவர்கள் நம்புவது கவனிக்கத்தக்கது. விழாவின் தொடக்கத்தைப் பற்றி ஓர் ஊர் சொல்லிக்கொள்ளும் கதை, அவ்விழா எதற்காக என்று அவ்வூர் கருதுவதையும் சொல்லிவிடுகிறது.

மலர் வண்டிகள் நெடுங்காலம் தனியே நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரச்சட்டத்தின்மேல் சணற்சாக்கும் சுண்ணச்சாந்தும் பூசிய பேருருவங்கள் வந்தன. செல்வர் எண்ணியதைக் கப்பல் கட்டும் துறையின் தச்சரும் கொல்லரும் செய்துகொடுத்தனர். வளைந்த சட்டங்களின்மேல் ஒரு பேருடலை நிறுத்தி, அது ஆடினாலும் சாயாமல் இருக்கச் செய்வது கப்பல் தச்சருக்குக் கைவந்த கலை அல்லவா? 1917இல் நேர்ந்த பெருந்தீயில் கடற்கரைச் சாலையோரத்து மரக்கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்தன. முதல் உலகப் போரின்போது நின்றிருந்த ஊர்வலம் 1921இல் கடற்கரைச் சாலையில் மீண்டது. ஊர்திகளின்மேல் இசைக்குழுவும் அந்த ஆண்டிலேதான் ஏறியது. இன்றும் கடலிலிருந்து மும்முறை பீரங்கி ஒலித்த பின்னரே ஊர்வலம் புறப்படுகிறது.

சாந்துப் பூச்சால் ஆன உருவம் கனமானது. அதனை உயரமாகக் கட்டவும் இயலாது, அசைக்கவும் இயலாது. 1925இல் அந்தோனியோ தார்லியானோ என்னும் கலைஞர் காகிதத்தைக் கொண்டுவந்தார். இங்கு நாம் சற்று நிற்கவேண்டும். ஏனெனில் இவ்விடத்தில்தான் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் தவறான சொல்லைப் பயன்படுத்துகின்றனர்.

இத்தாலியர் இப்பொருளைக் 'கார்த்தபெஸ்தா' என்பர். கார்த்தா காகிதம்; பெஸ்தா இடித்தது. பிரெஞ்சுக்காரர் 'மென்ற காகிதம்' என்னும் பொருள்படப் 'பபியே மாஷே' என்றனர். இவற்றைப் பின்பற்றி நாம் 'காகிதக்கூழ்' என்கிறோம். வியாரெஜ்ஜோவில் நடப்பதோ வேறு. முதலில் களிமண்ணால் உருவம் வனைவர். அதன்மேல் சுண்ணச்சாந்து ஊற்றி அச்சு எடுப்பர். அவ்வச்சின் உட்புறத்தில் பழைய செய்தித்தாள் துண்டுகளை மாவுப் பசையில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படலங்கள் ஒட்டுவர். உலர்ந்ததும் பிரித்தெடுத்தால் உள்ளீடற்ற, மெல்லிய, உறுதியான ஓடு கிடைக்கும். அதனை இரும்புச் சட்டத்தின்மேல் பொருத்தி வண்ணம் தீட்டுவர். இதில் கூழ் எங்கே இருக்கிறது? காகிதம் இறுதிவரை ஏடாகவே இருக்கிறது. அவ்வூர்க் கைவினைஞர் தம் முறையை 'அச்சுக் காகிதம்' என்னும் பொருள்படவே குறிப்பிடுகின்றனர். 'காகித ஒட்டு' என்றோ 'அச்சுக் காகிதம்' என்றோ தமிழில் எழுதினால் பொருளும் சரியாக இருக்கும். படிக்கும் மாணவன் அதனைச் செய்து பார்க்கவும் முடியும். (மலாய் அறிந்த மாணவர் கார்த்தபெஸ்தாவின் 'பெஸ்தா'வைக் கண்டு விழாவைக் குறிக்கும் மலாய்ப் 'பெஸ்தா' என்று கருதிவிடக்கூடும். அது போர்த்துகீசியரின் 'ஃபெஸ்தா' வழியாக வந்தது. இதற்கும் அதற்கும் உறவில்லை.)

காகிதம் வந்ததும் உருவங்கள் வளர்ந்தன. இன்று முதல்தர ஊர்திகள் ஏறத்தாழ 20 மீட்டர் உயரம் எழுகின்றன. கண் சிமிட்டும், வாய் திறக்கும், கழுத்தைத் திருப்பும். நெம்புகோல்களையும் எதிர்ச்சுமைகளையும் உள்ளிருந்து இயக்குவோர் பலர். மேலே ஆடுவோர் நூற்றுக்கணக்கினர். பெரிய ஊர்திகள், சிறிய ஊர்திகள், குழு வேடங்கள், தனி வேடங்கள் எனத் தரம் பிரித்து நடுவர் பரிசளிக்கின்றனர். இவற்றைக் கட்டுவதற்கென்றே 2001இல் 'கார்னிவல் கோட்டை' என்னும் வளாகம் திறக்கப்பட்டது. முட்டை வடிவான திடலைச் சுற்றி 16 பெருங்கூடங்கள் அங்கு உள்ளன. ஊர்தி செய்வோர் இவ்வூரில் ஒரு தொழில் வகுப்பினர். தந்தையிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் செல்லும் வேலை அது. விழா முடிந்ததும் உருவங்களைப் பிரித்துவிடுவர். இரும்புச் சட்டம் மறு ஆண்டுக்குப் பயன்படும், முகங்கள் பயன்படா.

அம்முகங்கள் யாருடையவை என்பதே இவ்விழாவின் உயிர்நிலை. நாட்டை ஆள்வோர், ஆள விரும்புவோர், அயல்நாட்டுத் தலைவர், பெருஞ்செல்வர் எவராயினும் காகிதத்தில் பிடிக்கப்பட்டு, பெருத்த மூக்கும் தொங்கும் கன்னமுமாகக் கடற்கரைச் சாலையில் இழுத்துவரப்படுவர். 2019இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் பொற்கவசம் பூண்டு வாளேந்திய பேரரசனாக வந்த ஊர்தியின் படம் உலகெங்கும் பரவியது. அவரை வாழ்த்தினார்களா, எள்ளினார்களா என்று தொலைவிலிருந்து படத்தைக் கண்டோர் குழம்பினர். வியாரெஜ்ஜோவின் மரபை அறிந்தவர்க்கு அக்குழப்பம் எழ வழியில்லை. அங்கு எவரையும் பெரிதாக்குவது எள்ளுவதற்கே. தமிழ்மரபில் இகழாஇகழ்ச்சி என ஒன்றை அணியிலக்கணம் கூறும். புகழ்வதுபோல் பழிப்பது அது. இருபது மீட்டர் உயரமுள்ள இகழாஇகழ்ச்சியை இங்குக் காணலாம்.

விழாவின் அடையாள வேடம் புர்லமாக்கோ. உபெர்த்தோ பொனெத்தி என்னும் ஓவியர் 1930இல் வரைந்து, 1931ஆம் ஆண்டு விழாச் சுவரொட்டியில் தோன்றியவன். ஊரின் நடுவே ஓடும் கால்வாய் புர்லமாக்கா. அதிலிருந்து இவன் பெயர் வந்தது. இத்தாலிய மொழியில் 'புர்லா' என்றால் கேலி. கால்வாயின் பெயரில் தற்செயலாக அமைந்த அவ்வொலியைப் பொனெத்தி வீணாக்கவில்லை. இவனுடைய உடை, இத்தாலிய நாடகக் கோமாளிகள் பலருடைய உடைகளிலிருந்து ஒவ்வொரு துண்டாக இரவல் வாங்கியது. சிவப்பும் வெள்ளையுமான அதன் நிறங்களோ அக்காலக் கடற்கரைக் குடைகளின் நிறங்கள். அருகில் நிற்பவள் ஒந்தினா. 'ஒந்தா' என்றால் அலை. அவள் நீராடும் உடையில் இருக்கிறாள். குளிர்கால விழாவின் தலைவனும் தலைவியும் கோடையை உடுத்திக்கொண்டு நிற்கின்றனர். வெறிச்சோடிய விடுதிகளை பிப்ரவரியில் நிரப்பும் விழாவுக்கு இதனினும் நேர்மையான விளம்பரம் கிடைப்பது அரிது.

உருசிய அறிஞர் மிகயீல் பக்தின் கார்னிவலைப் பற்றி எழுதியது பல்கலைக்கழகங்களில் பெரிதும் பேசப்படுகிறது. கார்னிவலில் நடிப்போர், காண்போர் என்னும் பிரிவு இல்லை. அனைவரும் அதனுள் வாழ்கின்றனர். மேல் கீழாகி, கீழ் மேலாகிறது என்பது அவர் கருத்து. இதனை வியாரெஜ்ஜோவின் மேல் அப்படியே பொருத்துவது கடினம். அங்கு ஊர்வலப் பாதை அடைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே செல்ல நுழைவுச் சீட்டு வேண்டும். இருக்கை வரிசைகளும் உண்டு. இது பக்தின் கண்ட கார்னிவல் அன்று, காட்சி. ஆயினும் அதே நாட்களில் ஊரின் பேட்டைகள்தோறும் மாலையில் தெருக்களை மூடி, உணவு சமைத்து, வேடமணிந்து ஆடும் பேட்டை விழாக்கள் நடக்கின்றன. பழைய கார்னிவலைத் தேடுவோர் அங்குத் தேடவேண்டும். பெரிய ஊர்வலம் விருந்தினர்க்கு, பேட்டை விழா ஊரார்க்கு என்று சொன்னால் மிகையாகாது.

இத்துணை வளர்ச்சிக்குப் பின்னர் அச்சொல் தன் பழம்பொருளோடு என்ன உறவு வைத்திருக்கிறது? 1949 முதல் இவ்வூரில் நடைபெறும் இளையோர் காற்பந்துப் போட்டிக்குக் 'கார்னிவல் கிண்ணம்' என்று பெயர். அதில் நோன்பும் இல்லை, வேடமும் இல்லை. 2024இல் சாம்பல் புதன் பிப்ரவரி 14ஆம் நாள் வந்தது; கடற்கரை ஊர்வலங்களோ பிப்ரவரி 24 வரை நீண்டன. இறைச்சியை நீக்குதல் என்னும் பெயருடைய விழா, இறைச்சி நீக்கிய நாட்களுக்குள்ளேயே புகுந்து நடக்கிறது. நோய்த்தொற்றுக் காலமான 2021இல் பிப்ரவரியில் கூட இயலாமையால் செப்டம்பரிலும் அக்டோபரிலும் நடத்தினர். அப்போதும் அதன் பெயர் கர்னெவாலேதான். பொருள்விரிவு என்று மொழியியலில் நாம் கற்பிப்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எண்ணெய் என்னும் சொல் எள்ளை விட்டுத் தேங்காய்க்கும் நிலக்கடலைக்கும் போனது போல, கார்னிவலும் தவக்காலத்தை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

அங்ஙனமாயின் தமிழில் என்ன எழுதுவது? 'களியாட்டம்' நல்ல சொல். களி என்பதில் கள்ளுண்ட மயக்கத்தின் சாயலும் உண்டு. ஆகவே அது கொழுத்த செவ்வாய்க்குப் பொருந்தாமற் போகாது. ஆனால் அதில் காலம் இல்லை, எள்ளலும் இல்லை. மேலும் வடமலபாரில் களியாட்டம் என்றால் தெய்யம் ஆடும் திருவிழா. பள்ளி நிதிவிழாவுக்கு நாம் 'கேளிக்கைச் சந்தை' என்று எழுதுவோம். அங்குக் கார்னிவல் என்னும் சொல் தேவையே இல்லை. வியாரெஜ்ஜோ போன்ற ஊர்களின் விழாவைப் பற்றி எழுதும்போது 'கார்னிவல்' என்றே வைத்துக்கொண்டு, முதன்முறை வரும் இடத்தில் 'தவக்காலத்துக்கு முந்திய வேட விழா' என ஒரு தொடரால் விளக்குவதே தக்கது என்பது நம் கருத்து. ஊர்வல வண்டிகளைச் சிலர் ஆங்கிலத்தைப் பின்பற்றி 'மிதவை' என்று எழுதுகின்றனர். சிங்கப்பூரில் 1973இல் தொடங்கிய சிங்கே ஊர்வலத்தைப் பற்றிய எழுத்திலும் இச்சொல் தலைகாட்டுவதுண்டு. தரையில் உருளும் வண்டி எதில் மிதக்கிறது? இத்தாலியர் அதனை 'கார்ரோ', வண்டி, என்றே கூறுகின்றனர். ஆண்டுதோறும் புதிதாகக் கட்டிப் பிரிக்கப்படுவதால் சப்பரம் என்னும் சொல் நெருங்கி வருகிறது. ஆனால் சப்பரத்தில் தெய்வம் எழுந்தருளவேண்டும். அலங்கார ஊர்தி என்பதே குறையற்றது.

காலத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் சொல் ஒன்று நம் அருகிலேயே இருக்கிறது. மலாக்காவில் கடலோரத்துப் போர்த்துகீசியக் குடியிருப்பில் வாழும் கிறிஸ்தாங் மக்கள் சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒருவர்மீது ஒருவர் நீரை வாரி இறைத்து மகிழ்வர். விந்தையான உடைகளும் அணிவர். அதற்கு அவர்கள் 'இந்த்ரூடு' என்று பெயர் வைத்திருக்கின்றனர். பழைய போர்த்துகீசியத்தின் 'எந்த்ரூது' அது. கோவாவின் கொங்கணியில் 'இந்த்ரூஸ்' என வழங்குகிறது. மூலம் இலத்தீனின் 'இந்த்ரோயித்துஸ்', பொருள் நுழைவு. இத்தாலியர் இறைச்சி வெளியேறுவதைப் பார்த்துப் பெயரிட்டனர். போர்த்துகீசியர் தவக்காலம் உள்ளே நுழைவதைப் பார்த்துப் பெயரிட்டனர். இருவரும் நின்றது ஒரே வாசலில். மலாக்கா மாநிலப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் தம் மாணவரை ஒரு பிப்ரவரி ஞாயிறன்று அக்குடியிருப்புக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள முதியோரிடம் அச்சொல்லின் பொருளைக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். மாற்றுடை எடுத்துச் செல்வது நன்று.